சூடாக்கும் மைக்ரோவேவ் குளிரவும் வைக்குமா? மோதி அழியும் மூலக்கூறுகளைக் காப்பாற்றிய ‘கண்ணுக்குத் தெரியாத கவசம்’

வீட்டு ஓவனில் நேற்று வைத்த சாம்பாரைச் சூடாக்குவது மைக்ரோவேவ் அலை. அதே வகை அலையை வைத்து, இதுவரை மனிதர்கள் உருவாக்கியதிலேயே மிகக் குளிர்ந்த பொருட்களில் ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் வில் தலைமையிலான ஆய்வுக் குழு இதைச் செய்து காட்டி, 2024ம் ஆண்டு ஜூன் மாதம் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. சோடியம் அணு ஒன்றும் சீசியம் அணு ஒன்றும் சேர்ந்த மூலக்கூறுகளை அவர்கள் 6 நானோகெல்வின் வரை குளிர வைத்தார்கள். ஒரு கெல்வினை நூறு கோடி பங்காகப் பிரித்து, அதில் வெறும் 6 பங்கு. எதுவுமே இல்லாத விண்வெளியின் வெப்பநிலைகூட 2.7 கெல்வின். அதாவது விண்வெளி இதைவிட சுமார் 45 கோடி மடங்கு சூடு!

அந்தக் குளிரில் மூலக்கூறுகள் தனித்தனி ஆளாக இருப்பதை விட்டுவிட்டு, ஒரே அலையாகச் சேர்ந்து நடந்துகொண்டன. இதற்குப் பெயர் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள். மின் இருமுனை கொண்ட மூலக்கூறுகளில் இது நடந்தது அதுவே முதல்முறை.

இதில் குளிர வைப்பதுகூடப் பெரிய பிரச்னை இல்லை. குளிர வைக்க வைக்க மூலக்கூறுகள் காணாமல் போய்க்கொண்டே இருந்தன. அதுதான் பிரச்னை. அதைத் தடுக்கப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆனது.

அணுக்களை வைத்தே முடிந்ததே, மூலக்கூறு எதற்கு?

அணுக்களில் இந்த சாதனை 1995-லேயே நடந்துவிட்டது. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள ஜிலா ஆய்வகத்தில் எரிக் கார்னெல், கார்ல் வீமன் இருவரும் ரூபிடியம் அணுக்களில் செய்தார்கள். சில மாதங்களில் எம்.ஐ.டி.யில் வொல்ப்காங் கெட்டர்லே சோடியத்தில் செய்தார். மூவருக்கும் 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கெல்லாம் விதை போட்டது டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்த சத்யேந்திரநாத் போஸ், 1924-ல் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரை. மூலக்கூறு சாதனை வெளியானது, சரியாக அதன் நூறாவது வருஷத்தில்.

ஆனால் அந்த அணுக்களிடம் ஒரு குறை. பக்கத்தில் வந்து இடித்தால்தான் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளும். கொஞ்சம் தள்ளி இருந்தால் யாரோ எவரோ. ஆனால் சோடியம்-சீசியம் போன்ற மூலக்கூறில் ஒரு முனை சற்று நேர்மின், மறுமுனை சற்று எதிர்மின். இதைத்தான் மின் இருமுனை என்கிறோம். இதன் அளவு சுமார் 4.7 டிபை. தண்ணீர் மூலக்கூறில் இருப்பது 1.85 டிபைதான். இப்படி இரு முனை இருந்தால், தூரத்தில் இருக்கும்போதே இரண்டு காந்தங்கள் போல ஒன்றை ஒன்று இழுக்கும், தள்ளும், திருப்பும்.

தூரத்தில் இருந்தே பேசிக்கொள்ளும் துகள்கள் இயற்பியலாளர்களுக்குப் பொக்கிஷம். ஒரு திடப்பொருளுக்குள் எலெக்ட்ரான்கள் கூட்டமாக என்ன செய்கின்றன என்பதை சூப்பர் கம்ப்யூட்டராலும் முழுசாகக் கணக்குப் போட முடியாது. அதே மாதிரி நடந்துகொள்ளும் ஒரு மாதிரி உலகத்தை ஆய்வகத்தில் கட்டிவிட்டால், கணக்குப் போட வேண்டாம், பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதற்குத்தான் இந்த மூலக்கூறுகள்.

மூலக்கூறு குளிரில் பிறப்பது எப்படி?

அணுவை லேசரால் குளிர வைக்கலாம். ஆனால் மூலக்கூறு அணு மாதிரி அடக்கமான ஆள் இல்லை. அது சுழலும், அதிரும். லேசர் கொடுக்கும் ஆற்றல் இந்த ஆட்டங்களில் சிதறிவிடும். சில மூலக்கூறுகளை நேரடியாக லேசரால் குளிர வைக்கிறார்கள்தான். ஆனால் இன்னொரு வழி, முதலில் அணுக்களைத் தனித்தனியாகக் குளிர வைத்து, காந்தப்புலத்தை மெல்ல மாற்றி அவற்றை ஜோடி சேர்ப்பது. அந்த ஜோடி ரொம்பத் தளர்வானது. இரண்டு லேசர்களை அடுத்தடுத்துக் காட்டி, அதை இறுக்கமான, ஆட்டமே இல்லாத அடிநிலைக்கு இறக்கிவிடுவார்கள்.

ஜிலாவில் டெபோரா ஜின், ஜுன் யே ஆகியோரின் குழு 2008-ல் பொட்டாசியம்-ரூபிடியம் மூலக்கூறுகளை இப்படி உருவாக்கியது. வெப்பநிலை சுமார் 350 நானோகெல்வின். இனி கொஞ்சம் குளிர வைத்தால் போதும், அடுத்த சாதனை கையில் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

குளிர்ந்தால் வேதிவினை நிற்கணுமே?

தயிர் புளிக்காமல் இருக்க என்ன செய்வோம்? ஃபிரிட்ஜில் வைப்போம். குளிரில் வேதிவினை மெதுவாகும் என்பது சமையலறையிலேயே தெரிந்த பாடம். 350 நானோகெல்வினில் ஒரு பொட்டாசியம்-ரூபிடியம் மூலக்கூறின் வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. எறும்பே முந்திவிடும். அந்த வாயுவின் அடர்த்தியும் நாம் சுவாசிக்கும் காற்றின் அடர்த்தியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. இதில் எது போய் எதோடு மோதப்போகிறது?

மோதின. மோதியதோடு நிற்காமல் வேதிவினையும் புரிந்தன.

இரண்டு பொட்டாசியம்-ரூபிடியம் மூலக்கூறுகள் சேர்ந்தால் ஜோடி மாறி, ஒரு பொட்டாசியம் ஜோடியாகவும் ஒரு ரூபிடியம் ஜோடியாகவும் பிரிந்துவிடும். இந்த வினைக்கு வழியில் தாண்ட வேண்டிய மேடு எதுவும் இல்லை. முடிவில் மிஞ்சும் சிறு ஆற்றலே, புதிய மூலக்கூறுகளைப் பொறியை விட்டு வெளியே எறியப் போதும்.

மெதுவாகப் போனால் தப்பிக்கலாம் என்பதும் இங்கே எடுபடாது. இந்தக் குளிரில் மூலக்கூறு ஒரு சின்ன உருண்டையாக இல்லை, விரிந்த அலையாக இருக்கிறது. அதன் அலைநீளம் மூலக்கூறின் உடல் அளவைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. ஒன்று இருக்கும் இடத்திலேயே இன்னொன்றும் பரவியிருக்கும்போது ‘தூரத்தில் வந்துகொண்டிருக்கிறது’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

2010-ல் அதே குழு ஒரு நிம்மதியான விஷயத்தையும் கண்டுபிடித்தது. பொட்டாசியம்-ரூபிடியம் ஃபெர்மியான் வகையைச் சேர்ந்தது. ஒரே நிலையில் இருக்கும் இரண்டு ஃபெர்மியான்கள் நேருக்கு நேர் மோதக் கூடாது என்பது குவாண்டம் விதி. எல்லா மூலக்கூறுகளையும் ஒரே நிலையில் வைத்தால் வினை மெதுவானது. வேறு வேறு நிலைகளைக் கலந்தால் பல மடங்கு எகிறியது.

சரி, இதையே வைத்துச் சமாளிக்கலாமே என்றால், அங்கேதான் முடிச்சு. மூலக்கூறின் இரு முனை வேலை செய்ய வேண்டும் என்றால் மின்புலம் கொடுக்க வேண்டும். கொடுத்துப் பார்த்தார்கள். இருமுனையின் வலிமை கூடக் கூட இழப்பும் கூடியது. அதுவும் சும்மா இல்லை, ஆறாம் அடுக்கில்! வலிமை இரண்டு மடங்கானால் இழப்பு 64 மடங்கு. எந்தக் குணத்துக்காக மூலக்கூறைத் தேடிப் போனார்களோ, அந்தக் குணமே அதைக் கொன்றது.

வினையே புரியாத மூலக்கூறுகளும் ஏன் காணாமல் போயின?

அப்போ வினை புரியாத மூலக்கூறாகப் பார்த்து எடுத்தால் என்ன? எல்லோருக்கும் வந்த அடுத்த யோசனை இதுதான். ரூபிடியம்-சீசியம், சோடியம்-பொட்டாசியம், சோடியம்-ரூபிடியம் ஆகியவை ஜோடி மாற வேண்டுமானால் வெளியில் இருந்து ஆற்றல் கொடுத்தாக வேண்டும். குளிர் வாயுவில் அந்த ஆற்றல் கிடையாது. எனவே இவை பாதுகாப்பானவை. காகிதக் கணக்கு அப்படித்தான் சொன்னது.

2014 முதல் இன்ஸ்ப்ரூக், டர்ஹம், எம்.ஐ.டி., ஹாங்காங் என வெவ்வேறு ஆய்வகங்கள் இவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தன. எல்லா இடத்திலும் ஒரே கதை. வினை புரிய முடியாத மூலக்கூறுகளும், வினை புரிபவற்றைப் போலவே கிட்டத்தட்ட அதே வேகத்தில் மறைந்தன.

என்ன நடக்கிறது? ஜிலாவைச் சேர்ந்த ஜான் போன் உள்ளிட்ட கோட்பாட்டாளர்கள் 2012-லேயே ஒரு விளக்கம் சொல்லியிருந்தார்கள். இரண்டு மூலக்கூறுகள் நெருங்கியதும் உடனே விலகுவதில்லை. நான்கு அணுக்களும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி, வெளியே வர வழி தெரியாமல் நெடுநேரம் ஒட்டிக்கொண்டே இருக்கும். ரங்கநாதன் தெரு நெரிசலில் மாட்டிக்கொண்டவர் மாதிரி. வழி இருக்கிறது, ஆனால் அந்த வழி கண்ணில் படுவதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. இதற்கு ‘ஒட்டும் மோதல்’ என்றே பெயர் வைத்தார்கள்.

ஒட்டினால் மட்டும் இழப்பு வராதே, எப்போதாவது பிரிந்துதானே ஆகணும்? 2019-ல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகக் கோட்பாட்டாளர்கள் குற்றவாளி என்று காட்டியது, மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும் லேசரையே. ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நான்கு அணுக் கூட்டம் லேசர் ஒளியை விழுங்கி அழிந்துபோகிறது என்றார்கள். ஹார்வர்டில் காங்-குவென் நீ குழு பொட்டாசியம்-ரூபிடியத்தில் அந்த இடைக்கூட்டத்தை நேரடியாகவே பிடித்துக் காட்டியது, ஒளி அதை அழிப்பதையும் பார்த்தது. டர்ஹமில் ரூபிடியம்-சீசியத்தில் செய்த சோதனையும் ஒத்துப்போனது.

ஆனால் சோடியம்-பொட்டாசியம், சோடியம்-ரூபிடியம் இரண்டும் அடம்பிடித்தன. லேசரை விட்டு விட்டு அணைத்து, இருட்டு நேரம் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் மூலக்கூறுகள் குறைந்துகொண்டேதான் இருந்தன. இருட்டில் அவற்றுக்கு என்ன ஆகிறது என்பது முழுசாகத் தீராத புதிர்.

இங்கேதான் யோசனையின் திசையே மாறியது. மோதிய பிறகு என்ன நடக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, அந்த நெரிசலுக்குள் மூலக்கூறுகளை விடாமலே வைத்தால்?

டீ ஆறுவதும் மூலக்கூறு ஆறுவதும்

இதில் ஒரு சிக்கல் உண்டு. மோதலே வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது.

சூடான டீயை அப்படியே வைத்தால் ஆவி பறக்கும். ஆவியாகிப் போவது, இருப்பதிலேயே வேகமான மூலக்கூறுகள். மிச்சம் இருப்பவை தங்களுக்குள் மோதி ஆற்றலைப் பகிர்ந்துகொண்டு முன்பைவிடக் குளிர்ந்த நிலைக்கு வரும். 1995-ல் அணுக்களைக் கடைசிக் கட்டத்தில் குளிர வைத்ததும் இதே ஆவியாதல் முறைதான். பொறியின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்துவார்கள். வேகமானவை வழிந்து வெளியேறும்.

ஆக, பட்டுத் தெறிக்கும் நல்ல மோதல் நூற்றுக்கணக்கில் நடக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு அழியும் கெட்ட மோதல் நடக்கவே கூடாது. இதற்குத் தேவை, தூரத்தில் இழுத்துப் பிடிக்காமல் தள்ளிவிடும் ஒரு விசை. மூலக்கூறைச் சுற்றி ஒரு கவசம் போல.

கவசம் எப்படி வேலை செய்கிறது?

இரண்டு பட்டைக் காந்தங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் வால் பக்கம் இன்னொன்றின் தலை வருமாறு வரிசையாக வைத்தால் ‘டப்’பென்று ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் ஒரே திசையில் பார்க்கவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தள்ளும். மூலக்கூறுகளின் மின் இருமுனையும் அப்படியே. எப்போதும் பக்கவாட்டில்தான் சந்திக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் அவை ஒட்டாது.

ஜிலா குழு 2011-ல் இதை நேரடியாகவே செய்தது. மூலக்கூறுகளை தோசை அடுக்கியது போன்ற மெல்லிய தட்டுகளுக்குள் அடைத்து, மின்புலத்தை மேலிருந்து கீழாகக் கொடுத்தது. தட்டுக்குள் இருப்பவை பக்கவாட்டில் மட்டுமே நெருங்க முடியும். வினை குறைந்தது. ஆனால் தட்டுக்குள்ளேயே வாழ்க்கை நடத்த முடியுமா? மூன்று திசையிலும் காக்கும் கவசம் தேவைப்பட்டது.

மைக்ரோவேவ் வருவது இங்கேதான். அடிநிலையில் இருக்கும் மூலக்கூறு சுழலாமல் இருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லவே முடியாது, எல்லாப் பக்கமும் சமம். ஆகவே இரு முனை இருந்தும் வெளியே தெரியாது. அதை முதல் சுழல் நிலைக்கு ஏற்ற ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் வேண்டும். சோடியம்-சீசியத்துக்கு அது சுமார் 3.5 கிகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 5ஜி சேவைக்கு ஒதுக்கியிருக்கும் 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குள்ளேயே வருகிறது என்பது சுவாரசியம்.

அந்த அதிர்வெண்ணுக்குத் துளி மேலே, வட்டமாகச் சுழலும் மைக்ரோவேவ் அலையைக் கொடுப்பார்கள். மூலக்கூறு சுழலாத நிலைக்கும் சுழலும் நிலைக்கும் இடையே கலந்த ஒரு நிலைக்குப் போகும். இப்போது அதன் இரு முனை, அலையின் தாளத்துக்கு ஏற்றபடி சுழலும்.

இப்படி இரண்டு மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று நெருங்கினால்? தூரத்தில் இருக்கும்வரை மைக்ரோவேவ் சொல்வதைக் கேட்கும். நெருங்க நெருங்க, பக்கத்து மூலக்கூறின் பிடி மைக்ரோவேவின் பிடியைவிட வலுக்கும். அப்போது ஜோடிக்கு முன் இரண்டு பாதைகள். ஒன்றில் இரண்டும் இழுத்துக்கொள்ளும் விதமாகத் திரும்பும், ஆற்றல் இறங்கும். மற்றதில் தள்ளும் விதமாகத் திரும்பும், ஆற்றல் ஏறும். எந்தப் பாதை என்பதை முடிவு செய்வது, அந்த ‘துளி மேலே’ என்ற விஷயம். அதிர்வெண் துளி மேலே இருந்தால் ஜோடி மேல்பாதையிலேயே தொடங்குகிறது, நெருங்கும்போது ஏறிக்கொண்டே போகிறது. மலையேற ஆற்றல் இல்லாததால் பாதியிலேயே திரும்பிவிடுகிறது. துளி கீழே இருந்தால் கதை தலைகீழ், இழுத்துப்போட்டு அழித்துவிடும்.

திரும்பிப் போகும் அந்த இடம் சில பத்து நானோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நெரிசல் தொடங்குவது ஒரு நானோமீட்டர் அளவில்தான். அதாவது தெருமுனையிலேயே தடுப்பு. சுவர் எவ்வளவு உயரம்? மைக்ரோவேவின் பிடி ஒரு மெகாஹெர்ட்ஸ் என்றால் அது சுமார் 48 மைக்ரோகெல்வினுக்குச் சமம். சோதனைகளில் பல மெகாஹெர்ட்ஸ் கொடுக்கிறார்கள். ஒரு மைக்ரோகெல்வினுக்கும் கீழே திரியும் மூலக்கூறுக்கு அது கோட்டைச் சுவர்.

அப்படியானால் ஓவனில் மட்டும் ஏன் சூடாகிறது? சாம்பாரில் தண்ணீர் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. மைக்ரோவேவ் ஒன்றைத் திருப்பினால் அது பக்கத்தில் இருப்பதை இடித்து, வாங்கிய ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடும். இந்தக் குளிர் வாயுவில் இடிக்கப் பக்கத்தில் ஆளே இல்லை. வாங்கிய ஆற்றலைத் தாளம் தப்பாமல் மைக்ரோவேவிடமே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இந்த யோசனைக்கு முழுமையான கணக்கு 2018-ல் வந்தது. டைஸ் கார்மன், ஜெரமி ஹட்சன் ஒரு பக்கம். பிரான்ஸில் லாசாப்லியே, கெமெனே இன்னொரு பக்கம். இரண்டு கட்டுரைகளும் ஒரே வருஷத்தில்.

மைக்ரோவேவ் இல்லாமல் முடியாதா?

முடியும். ஜிலா குழு நிலையான மின்புலத்தை வைத்தே 2020-ல் செய்தது. பொட்டாசியம்-ரூபிடியம் மூலக்கூறுகளை முதல் சுழல் நிலையில் வைத்து, சென்டிமீட்டருக்கு சுமார் 12 கிலோவோல்ட் அளவில் மின்புலத்தைக் கொடுத்தது. அந்த அளவில், முதல் நிலையில் இருக்கும் இரண்டு மூலக்கூறுகளின் மொத்த ஆற்றலும், ஒன்று அடிநிலையிலும் ஒன்று இரண்டாம் நிலையிலும் இருக்கும் ஜோடியின் ஆற்றலும் சமமாகிவிடும். சமப்புள்ளிக்கு ஒரு பக்கம் போனால் தள்ளும், மறுபக்கம் போனால் இழுக்கும். மின்புலத்தைச் சில சதவீதம் மாற்றியதிலேயே வினை வேகம் ஆயிரம் மடங்கு ஏறி இறங்கியது! சரியான இடத்தில் நிறுத்தியபோது, வழக்கமான இழப்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

இது அழகான முறை. ஆனால் அவ்வளவு வலுவான மின்புலத்தை, தடுமாறாமல், வாயு முழுக்க ஒரே சீராக வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. மைக்ரோவேவுக்கு ஒரு ஆன்டெனா போதும்.

ஆய்வகத்தில் பலித்ததா?

2021-ல் ஹார்வர்டில் ஜான் டாயல் குழு, லேசர் இடுக்கிகளால் பிடித்த கால்சியம் மோனோஃப்ளூரைடு மூலக்கூறுகளில் கவசத்தைச் சோதித்தது. இழப்பு ஆறில் ஒரு பங்கானது. கணக்கு சொன்னது பொய் இல்லை என்பதற்கு அது போதும்.

அடுத்த ஆண்டு ஜெர்மனியின் கார்ச்சிங்கில் உள்ள மேக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தில் பெரிய பாய்ச்சல். ஷின்-யு லுவோ, இம்மானுவேல் பிளாக் ஆகியோரின் குழு சோடியம்-பொட்டாசியம் மூலக்கூறுகளைக் கவசத்துக்குள் வைத்து ஆவியாதல் முறையில் 21 நானோகெல்வின் வரை இறக்கியது. இருட்டிலும் ஒளியிலும் காரணம் சொல்லாமல் மறைந்துகொண்டிருந்த அதே வகை மூலக்கூறு!

இதில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு தலைவலி உண்டு. மைக்ரோவேவ் அலை சுத்தமாக இருக்க வேண்டும். அதில் துளி இரைச்சல் இருந்தாலும் மூலக்கூறு மேல்பாதையில் இருந்து வழுக்கிக் கீழ்ப்பாதைக்கு வந்துவிடும். வந்தால் கதை முடிந்தது. கவசமே எமனாகும். பெரிய கோட்பாடுகளைவிட, இரைச்சல் இல்லாத அலைமூலத்தைக் கட்டுவதில்தான் பலருடைய வருஷங்கள் போயின.

சோடியம்-பொட்டாசியத்துக்கு ஃபெர்மியான் என்ற இயற்கைப் பாதுகாப்பு ஏற்கெனவே பாதி இருந்தது. போசான் வகைக்கு அதுகூடக் கிடையாது. நேருக்கு நேர் மோதும். போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள் வேண்டுமென்றால் போசான்தான் வேண்டும். 2023-ல் கொலம்பியா குழு போசான் வகையான சோடியம்-சீசியத்தில் இழப்பை 200 மடங்குக்கு மேல் குறைத்தது. மூலக்கூறுகள் ஒரு விநாடி அளவுக்கு உயிரோடு இருந்தன. வெப்பநிலை 36 நானோகெல்வினுக்கு வந்தது.

அங்கே வந்து நின்றுவிட்டது.

இரண்டாவது மைக்ரோவேவ் எதற்கு?

கவசத்தில் ஒரு ஓட்டை இருந்தது. சுழலும் ஒற்றை மைக்ரோவேவ் கிட்டத்தில் தள்ளும், சரி. ஆனால் தூரத்தில், சுழலும் தளத்தில், லேசாக இழுக்கும். இரண்டு மூலக்கூறுகள் என்றால் பரவாயில்லை, கடைசியில் சுவர் தடுத்துவிடும். அடர்த்தி கூடும்போது மூன்று மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் அருகில் வந்துவிடும். அந்த மெல்லிய இழுப்பில் இரண்டு கைகோத்துக்கொள்ள, மிச்சமாகும் ஆற்றலை மூன்றாவது வாங்கிக்கொண்டு ஓடும். மூன்றுமே போச்சு.

செபாஸ்டியன் வில் குழு, கோட்பாட்டாளர் டைஸ் கார்மனோடு சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டது. வட்டமாகச் சுழலும் அலையோடு, ஒரே கோட்டில் மேலும் கீழும் ஆடும் இன்னொரு மைக்ரோவேவைச் சேர்த்தார்கள். இரண்டாவது அலை உருவாக்கும் விசை, தூரத்தில் முதல் அலையின் விசைக்கு நேர் எதிர். முதலாவது இழுக்கும் இடத்தில் இரண்டாவது தள்ளும். இரண்டின் பலத்தையும் சரியாகப் பொருத்தினால் தூரத்து இழுப்பு ரத்தாகிவிடும், கிட்டத்துச் சுவர் அப்படியே நிற்கும்.

ஓட்டை அடைபட்டது. மூலக்கூறுகள் இறங்கின. ஒரு கட்டத்தில், பரந்து கிடந்த மேகத்தின் நடுவில் ஒரு கூர்மையான முகடு எழும்பியது. அணுக்களில் 1995-ல் பார்த்த அதே அடையாளம். வெப்பநிலை 6 நானோகெல்வின், செறிபொருளில் சேர்ந்தவை சுமார் 60 சதவீதம். கிட்டத்தட்ட 2 விநாடி நிலைத்தது. 2 விநாடி என்றால் நமக்குக் கண் சிமிட்டும் நேரம். மில்லி விநாடிகளில் பரிசோதனை நடத்துபவர்களுக்கு ஏராளம்.

கவசத்தைத் தளர்த்தினால் என்ன ஆகும்?

கவசத்தின் பலத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதால் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. தூரத்து இழுப்பு கொலம்பியா குழுவுக்குத் தொந்தரவாக இருந்ததே, கார்ச்சிங் குழு அதையே வேண்டுமென்று வளர்த்தது. அலையை நீள்வட்டமாக்கி, இழுப்பைத் துல்லியமாகச் சரிசெய்தால், இரண்டு மூலக்கூறுகள் சுவருக்கு வெளியே, ஒன்றை ஒன்று தொடாமல் ஜோடியாக நிற்கும். இழுப்பு விடாது, சுவர் உள்ளே போகவிடாது.

2024-ல் அவர்கள் இப்படி சுமார் 1,100 ஜோடிகளை உருவாக்கினார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு சோடியம், இரண்டு பொட்டாசியம் என நான்கு அணுக்கள். வெப்பநிலை 134 நானோகெல்வின். அதுவரை யாரும் செய்த நான்கு அணு மூலக்கூறுகளைவிட 3,000 மடங்குக்கும் மேல் குளிர்ச்சி. இந்த ஜோடியைச் சேர்த்துவைத்திருப்பது மைக்ரோவேவ் மட்டுமே. ஆன்டெனாவை அணைத்தால் ஜோடியும் இல்லை.

பழைய ‘ஒட்டும் மோதல்’ கூட்டத்திலும் இதே நான்கு அணுக்கள்தான். அது ஒரு நானோமீட்டர் நெரிசலில் கண் முன்னால் நிற்காமல் கரைந்துபோனது. இது பல பத்து நானோமீட்டர் விரிந்து, அளவெடுக்கும் அளவுக்கு நிதானமாக நிற்கிறது. இதை மெல்ல உள்ளே இறக்கி, அந்த நெரிசலின் அடிநிலைக்கே கொண்டுபோக முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி.